எட்டு செண்டிமீட்டர் கை

சுங்கை பினாங்
14.6.2025

அத்தைக்கு,

காமினி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகன் சர்வின் உங்களைப் பார்க்க சிம்பாங் அம்பாட் வரும்போது இதைக் கொடுப்பார். போனில் பேசினால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன், இல்லையென்றால் அழுதுவிடுவேன். இரண்டும் வேண்டாம். அதனால்தான் கடிதம்.

இது சமாதானக் கடிதம் இல்லை. ஒரு தையல் சந்தேகம். இருபத்தாறு வருஷம் கார்மெண்ட் பேக்டரியில் மிஷின் ஓட்டியவர் நீங்கள். இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் தெரியவில்லை.

எங்கள் பிளாட்டில் மூன்று பெண்கள் சேர்ந்து, குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகளுக்குச் சட்டை தைத்து ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு சலேஹா அக்காவின் அண்ணி சித்தி ஹாஜரா அங்கே நர்ஸ். அந்த அளவுக்குச் சட்டை கடையில் கிடைப்பதில்லை என்று அவர்தான் சொன்னார். சனிக்கிழமை மத்தியானம் சலேஹா அக்கா வீட்டில் உட்காருவோம். மிஷின் கீழ்மாடி மோகனா அக்காவுடையது. துணி வெட்டுவதும் ஓரம் தைப்பதும் நான்.

போன வாரம் பன்னிரண்டு சட்டை கொடுத்தோம். பதினொன்று திரும்பி வந்துவிட்டது. உள்ளே இருக்கும் தையல் உரசுகிறதாம். அந்தப் பிள்ளைகளின் தோல் அவ்வளவு மெல்லியது, லேசாக உரசினாலே சிவந்துவிடும். பனியன் துணியும் மிஷினில் இழுத்துக்கொண்டு சுருங்கிவிடுகிறது. என்ன செய்ய வேண்டும்?

நான் ஏன் இந்த வேலையில் போய்ச் சேர்ந்தேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எழுத இஷ்டமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

காமினி


சிம்பாங் அம்பாட்
22.6.2025

காமினிக்கு,

நீ இந்த வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் நாலு மாசம் ஆச்சு. அத்தை இருக்காளா, கால் வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை இல்ல. ஊசி நூல் கேட்டு எழுதுறே. சரி, எழுதணும்னாவது தோணுச்சே. இதை சர்வின்கிட்ட சொன்னேன். அவன் தட்டை எடுத்துக்கிட்டுக் கழுவப் போயிட்டான். நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிறான்.

தையலை வெளிப்பக்கம் விடு. சட்டையை உள்-வெளி மாத்திப் போட்ட மாதிரி இருக்கும், இருந்துட்டுப் போகட்டும். பிள்ளைக்கு அழகா முக்கியம்? பனியன் துணிக்கு மொட்டை முனை ஊசின்னு தனியா இருக்கு. தையல் சாமான் விக்கிற கடையில கேட்டா கொடுப்பான். சாதா ஊசி இழையை அறுத்துடும். துணியப் பின்னால பிடிச்சு இழுக்காதே, மிஷின் தானா இழுத்துக்கும். அடியில மெல்லிசு காகிதம் வெச்சுத் தை, முடிஞ்சதும் கிழிச்சு எடுத்துடு. பொத்தான் வேணாம், நாடா வை.

மாதிரிக்கு ஆறு சட்டை தெச்சு அனுப்பியிருக்கேன். பழைய கைதான், ஆனா கோணல் போகாது. பாத்துக்கோ.

சர்வின் சதை போட்டிருக்கான். யாரு ஆக்கிப் போடுறா? இந்த வீட்டுல நாலு வருஷம் இருந்தே, ஒரு நாள் நீ சுடுதண்ணி வெச்சு நான் பாத்ததில்ல.

நவமணி


சுங்கை பினாங்
5.7.2025

அத்தைக்கு,

ஊசி கிடைத்தது. நீங்கள் சொன்னபடி காகிதம் வைத்துத் தைத்தேன், சுருக்கம் இல்லை. மோகனா அக்கா கை தட்டினார்.

நான்தான் சமைக்கிறேன். உங்கள் வீட்டில் நான் ஏன் சுடுதண்ணி வைக்கவில்லை என்று கேட்கிறீர்கள். செபராங் ஜெயா ஆபீசிலிருந்து வந்து அடுப்புப் பக்கம் காலை வைத்தால், "நீ போய் உக்காரு, நான் பாத்துக்குறேன்" என்பீர்கள். கரண்டியைக்கூட என் கையிலிருந்து வாங்கிவிடுவீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள். ஆனால் நாலு வருஷமும் நான் விருந்தாளியாகவே இருந்தேன்.

சமையல் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து உங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். பிறகு இந்த பிளாட்டுக்கு மாறிவிட்டோம். வந்த மூன்றாம் நாள், குழாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று கேட்க சலேஹா அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன். பால் கட்டி என் சட்டை நனைந்திருந்தது. அவர் அதைப் பார்த்தார். பிள்ளை எங்கே என்று கேட்கவில்லை. மறுநாள் விரால் மீன் வாங்கி, பூண்டும் இஞ்சியும் மிளகும் அரைத்துக் குழம்பு வைத்துக் கொண்டு வந்தார். "பிள்ளை பெத்த உடம்பு. சாப்பிடு" என்றார். அதைக் கேட்ட பிறகுதான், நான் பிள்ளை பெற்றவள் என்பதே எனக்கு உறைத்தது.

நாற்பது நாளும் அவர் கொண்டு வந்தார். உங்கள் வீட்டில் இருந்த ஒரு வாரத்தில் ஒரு வேளைகூட எனக்குப் பத்தியச் சாப்பாடு இல்லை.

நாற்பத்தோராம் நாள், "இனிமே நீயே வந்து ஆக்கு, நான் நாற்காலியில உக்காந்து பாக்குறேன்" என்றார். மிளகாய்த்தூள் எவ்வளவு என்று கேட்டால், "அகாக் அகாக் லாஹ், குத்துமதிப்பாப் போடு, கண்ணு சொல்லும்" என்பார். என் கண் சொன்னது தப்பு. முதல் மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு சர்வின் மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்தார். இப்போது சரியாக வருகிறது. கீரையும் புளிக்குழம்பும் மோகனா அக்கா வீட்டில் கற்றுக்கொண்டேன்.

நீங்கள் தைத்த ஆறு சட்டையும் அழகு. ஆனால் ஆறும் பெரிது. ரொம்பப் பெரிது.

காமினி


சிம்பாங் அம்பாட்
13.7.2025

காமினிக்கு,

உன் கடிதத்தைப் படிச்சேன். பத்தியத்தைப் பத்தி நீ எழுதியிருந்ததையும் படிச்சேன்.

ஆறும் பெரிசுன்னா எப்படி? சின்னப் பிள்ளைன்னு நீ சொன்னதால பாதிக்குப் பாதி குறைச்சுத்தான் வெட்டினேன். அதுக்கும் கீழ போனா பொம்மைக்குத்தான் தைக்கணும். அளவு எழுதி அனுப்பு. டேப் வெச்சு எடுத்த அளவா இருக்கணும். கண் அளவுல பேக்டரியில ஒரு துண்டு வெட்ட விடமாட்டாங்க. தலைச் சுத்து, மார்புச் சுத்து, கை நீளம். இந்த மூணும் போதும்.

அந்த சலேஹா விராலுக்கு வெந்தயம் தாளிச்சாங்களா? வெந்தயம் இல்லாம விரால் ஆக்கினா கவிச்சி போகாது. சும்மா கேட்டேன். நல்லாத்தான் ஆக்கியிருப்பாங்க.

நவமணி


சுங்கை பினாங்
2.8.2025

அத்தை,

இதை மூணு தடவை நல்ல தமிழ்ல ஆரம்பிச்சேன். வரல. பேசற மாதிரியே எழுதுறேன்.

நீங்க மூணு அளவு கேட்டீங்க. ஹாஜரா அக்காகிட்ட கேட்டிருந்தா அஞ்சு நிமிஷத்துல கிடைச்சிருக்கும். கேக்கல. எங்கிட்டயே இருக்கும்போது எதுக்குக் கேக்கணும்?

நிறை அறுநூத்திப் பத்து கிராம். தலைச் சுத்து இருபத்திரண்டு செண்டிமீட்டர். மார்புச் சுத்து பத்தொன்பது. இதெல்லாம் ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்த காகிதத்துல இருக்கு. கை நீளம் அதுல இல்ல, நான் எடுத்தது. அவ கையை என் நடுவிரல் மேல நீட்டி வெச்சுப் பாத்தேன். தோள்லேருந்து மணிக்கட்டு வரைக்கும் என் விரல் நீளம் சரியா இருந்துச்சு. அப்புறம் ஒரு நாள் இங்க வந்து விரலை ஸ்கேல்ல வெச்சேன். எட்டு செண்டிமீட்டர்.

நாலு விரலைச் சேத்து வெச்சா அவ நெஞ்சு மறைஞ்சுடும். நகம் எல்லாத்தையும் பாத்தேன், அரிசி நொய்யில பாதி இருக்கும். மூக்கு உங்க மூக்கு. சர்வினுக்கு வராம நேரா அவளுக்குப் போயிருந்துச்சு.

ஒன்பது மணி நேரம் இருந்தா. நீங்க வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். சர்வின் ரெண்டு தடவை வந்து கூப்பிட்டாரு. நீங்க வரல. ரெண்டாவது தடவை கதவு சாத்தாம இருந்துச்சு, நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு. "முழுசா ஆகாத பிள்ளையை எதுக்குப் பாக்கணும், மறந்துடச் சொல்லு"ன்னீங்க.

அவ போனப்புறம் போட சட்டை இல்ல. நீங்க முன்னமே தெச்சு வெச்சிருந்த மஞ்சள் சட்டையை எடுத்துட்டு வந்திருந்தேன். அதைப் போட்டா அதுக்குள்ள அவளையே தேட வேண்டியிருந்துச்சு. கடைசியில காயத்துக்குச் சுத்துற துணியில சுத்தித்தான் கொடுத்தாங்க.

இன்னொரு அம்மாவுக்கு அப்படி ஆகக்கூடாதுன்னுதான் இந்த சனிக்கிழமை வேலை. வேற ஒண்ணும் பெரிய காரணம் இல்ல.

அவ பேரு நிரோஷினி. நீங்க கேக்கல, அதனால நானும் சொல்லல.

காமினி


சிம்பாங் அம்பாட்
31.8.2025

காமினிக்கு,

நாலு வாரம் ஆயிடுச்சு. சர்வின் வந்து வந்து வெறுங்கையோட போனான். எழுத உக்காருவேன், எழுந்துடுவேன்.

முதல்ல வேலையைத்தான் செஞ்சேன். நீ கொடுத்த அளவைக் காகிதத்துல வரைஞ்சு வெட்டினேன். வெட்டி மேசையில வெச்சா பேன் காத்துல பறக்குது. பறக்காம இருக்க உள்ளங்கையால அமுக்கிப் பிடிச்சேன். சட்டை முழுக்க என் கைக்குள்ள அடங்கிடுச்சு. பேக்டரியில எத்தனை ஆயிரம் காகிதம் வெட்டியிருக்கேன். கையை எடுக்க முடியாம உக்காந்திருந்தது அன்னிக்குத்தான். என் பேத்தி இவ்வளவுதான் இருந்தா. இப்பத்தான் பாக்குறேன்.

நீ காதால கேட்டதை இல்லேன்னு சொல்ல மாட்டேன். சொன்னேன். உள்ள வராததுக்கும் யாரும் என்னைத் தடுக்கல. பயந்தேன் காமினி. நான் பாக்கலேன்னா அது நடக்கலேன்னு ஆயிடும்னு புத்தி சொல்லுச்சு. என் புத்தி அவ்வளவுதான். உன் பயத்தைப் பத்தி ஒரு நிமிஷம் நினைக்கல. நீ இருபத்தெட்டு வயசுப் பிள்ளை, சர்வினைத் தவிர யாருமில்லாம உள்ள இருந்தே.

பத்தியம். நீ வீட்டுக்கு வந்த அன்னிக்குக் காலையில பாசார்ல விரால் வாங்கினேன். செதில் எடுத்துக் கழுவி வெச்சேன். அப்புறம் தோணுச்சு, பத்தியச் சாப்பாட்டை முன்னால வெச்சா, தொட்டில்ல பிள்ளை இல்லேன்னு தினம் மூணு வேளை உனக்குச் சொல்லிக் காட்டுற மாதிரி ஆயிடுமோன்னு. மீனைத் தூக்கிப் பக்கத்து வீட்டுல கொடுத்துட்டு உனக்கு வெறும் ரசம் வெச்சேன். உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. எல்லாம் எனக்கே தெரியும்னு இருந்தேன். அடுப்படியிலயும் அப்படித்தான் இருந்திருக்கேன்னு நீ எழுதினதைப் படிச்சப்புறம் புரியுது.

மன்னிச்சுடுன்னு எழுதுறது சுலபமா இருக்கு. அதனாலதான் எழுதக் கூச்சமா இருக்கு. ஆனாலும் எழுதுறேன். மன்னிச்சுடும்மா.

பைக்குள்ள பத்து சட்டை இருக்கு. எட்டு செண்டிமீட்டர் கை. குழாய் மாட்டியிருந்தாலும் கழட்டாம போடுற மாதிரி முன்பக்கம் முழுசா திறந்து, பக்கத்துல நாடா வெச்சிருக்கேன். தனியா வெள்ளைக் காகிதத்துல சுத்தி ஒண்ணு இருக்கு. அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துடாதே. அது நிரோஷினிக்கு. நீ வெச்சுக்கோ, இல்ல உனக்கு என்ன செய்யணும்னு தோணுதோ செய்.

அத்தை


சுங்கை பினாங்
13.9.2025

அத்தை,

அந்த வெள்ளைக் காகிதத்தைப் பத்து நாள் பிரிக்கல. அலமாரியில வெச்சேன், எடுத்தேன், திரும்ப வெச்சேன். போன புதன்கிழமை சர்வின் வேலை முடிஞ்சு வந்ததும் ரெண்டு பேரும் உக்காந்து பிரிச்சோம். அவரு சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அழுதாரு. அவரு அழுது நான் பாத்ததே இல்ல. இவ்வளவு நாளும் என்னைப் பாத்துக்குறதுலயே இருந்துட்டாரு, அவருக்கும் பிள்ளை போயிருக்குன்னு நானும் நினைச்சுப் பாக்கல பாருங்க. அன்னிக்கு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அவளைப் பத்திப் பேசினோம்.

உங்க மேல கோபம் போயிடுச்சான்னு தெரியல. சில நேரம் இருக்கு. முன்ன இருந்த மாதிரி இல்ல. பொய் சொல்ல வேணாம்னு எழுதுறேன்.

பத்து சட்டையும் ஹாஜரா அக்கா பாத்தாங்க. ஒண்ணுகூடத் திரும்பல. ஒரு சட்டையை விளக்கு வெளிச்சத்துல பிடிச்சு, "யார் தெச்சது இது? கைதான் வேலை செஞ்சுதா, மிஷினா?"ன்னு கேட்டாங்க. என் மாமியார்னு சொன்னேன். சலேஹா அக்கா, "அடி இவளே, இப்படி ஒரு கையை சிம்பாங் அம்பாட்டுல வெச்சுக்கிட்டு நம்மளை இந்தப் பாடு படுத்தினியே"ன்னு என் முதுகுல ஒண்ணு வெச்சாங்க. இன்னும் முப்பது வேணுமாம். துணி கொடுத்தனுப்பியிருக்கேன்.

டப்பாவுல டால்ச்சா இருக்கு. நானே ஆக்கினது. பருப்போட கத்திரிக்காயும் கேரட்டும் போட்டிருக்கேன். சூடு பண்ணிச் சாப்பிடுங்க.

இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை சட்டைங்களை ஆஸ்பத்திரியில கொடுக்கப் போறோம். நீங்க வர்றதா இருந்தா சர்வின் காலையில கெரேத்தா ஓட்டிட்டு வந்து உங்களை ஏத்திக்குவாரு. உள்ள வரணும்னு கட்டாயம் இல்ல. வெளிய உக்காந்திருந்தாலும் சரி.

காமினி


சிம்பாங் அம்பாட்
28.9.2025

காமினிக்கு,

நேத்து திரும்பி வரும்போது கெரேத்தாவுல நான் ஒண்ணும் பேசலேன்னு நீ நெனச்சிருப்பே. பேசியிருந்தா சர்வின் கடல் பாலத்துல வண்டியை நிறுத்தியிருப்பான், அப்படி அழுதிருப்பேன். அதனால எழுதுறேன்.

நீ ஹாஜராவோட சட்டைங்களை எண்ணிக் கொடுக்க உள்ள போனியே, அப்போ நான் பெஞ்சுல மீதிச் சட்டை மூட்டையோட உக்காந்திருந்தேன். எதிர்ல ஒரு அம்மா. என் வயசுதான் இருக்கும், நீலச் சேலை. கைப்பையை வயித்தோட அணைச்சுக்கிட்டு கதவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. கதவு திறந்தா முகத்தைத் திருப்பிக்குவாங்க. சாத்தினா திரும்பப் பாப்பாங்க. எழுந்து போய்ப் பக்கத்துல உக்காந்தேன்.

"உள்ள யாருங்க?"ன்னு கேட்டேன்.

"மக"ன்னாங்க. கைப்பையை இன்னும் இறுக்கிக்கிட்டு, "காலையில பிள்ளை தவறிடுச்சு. அஞ்சரை மாசம். மக கூப்பிட்டு விடுறா. நான் போகல. எதுக்குப் பாக்கணும்?"ன்னாங்க. பேரு குமுதாவாம்.

எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னேன். "நானும் இப்படித்தான் ஒரு நாள் உக்காந்திருந்தேன். உள்ள போகாமலே வீட்டுக்குத் திரும்பிட்டேன்"ன்னேன்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒண்ணரை வருஷம் கழிச்சு என் மருமக காகிதத்துல அளவு எழுதி அனுப்பினா. அதை வெச்சுத்தான் என் பேத்தி எவ்வளவு இருந்தான்னு தெரிஞ்சுக்கிட்டேன். மூக்கு என் மூக்காம். நீங்க அப்படித் தெரிஞ்சுக்காதீங்க. எழுந்திருங்க."

அவங்க அழுதாங்க. ஆனா எழுந்திருக்கல. "நீங்களும் வர்றீங்களா"ன்னு கேட்டாங்க. யாருன்னே தெரியாது பாரு, என்னைக் கூப்பிடுறாங்க. சரின்னு கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். கதவுகிட்ட வந்ததும் நின்னேன். மூட்டையிலேருந்து ஒரு சட்டையை எடுத்து அவங்க கையில கொடுத்தேன். "வெறுங்கையோட போகாதீங்க, இதைப் பேத்திக்குப் போட்டு விடுங்க"ன்னேன். பேரனாம். பேரனுக்குப் போட்டு விடுங்கன்னு சொன்னேன்.

அவங்க உள்ள போனாங்க. நான் கதவுக்கு இந்தப் பக்கமே நின்னுட்டேன், அது அவங்க வீட்டுத் துக்கம். உள்ள மகளோட குரல் கேட்டுச்சு. "அம்மா"ன்னு ஒரே ஒரு தடவை. அதுக்கு மேல கேக்க முடியாம வந்து உக்காந்துட்டேன். அப்பத்தான் நீ வெளிய வந்து, "ஏன் அத்தை முகம் இப்படி இருக்கு"ன்னு கேட்டே.

அந்தக் குரல்தான் இப்பவும் காதுல இருக்கு. நீ அன்னிக்கு எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்னு நெனச்சுப் பாத்தேன்.

டால்ச்சா வந்த வாரமே தீந்துடுச்சு. உப்பு சரி. புளிப்பு கொஞ்சம் கம்மி, ஒரு துண்டு மாங்காய் போட்டிருக்கலாம். குறை சொல்றேன்னு நினைக்காதே. ரெண்டு நாள் வெச்சுச் சாப்பிட்டேன், கடைசியில டப்பாவை வழிச்சேன்.

அத்தை


சுங்கை பினாங்
4.10.2025

அன்புள்ள அத்தை,

உங்க கடிதத்தை சலேஹா அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். கேக்காம காட்டினதுக்கு மன்னிச்சுடுங்க. தனியா படிச்சு வெச்சுக்க முடியல.

செவ்வாய்க்கிழமை ஹாஜரா அக்கா வந்தாங்க. அன்னிக்கு உள்ள நடந்ததை அவங்க சொன்னாங்க. அந்த அம்மா பேரனுக்குத் தானே சட்டை போட்டு விட்டாங்களாம். கை நுழைக்கும்போது விரலைப் பிடிச்சு, மெதுவா, உயிரோட இருக்கிற பிள்ளைக்குப் போடுற மாதிரி. அப்புறம் மகளைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்களாம். போகும்போது, "இதைக் கொடுத்த அக்கா எங்க"ன்னு தேடினாங்களாம். நாம அதுக்குள்ள பாலம் தாண்டியிருப்போம்.

எத்தனை தடவை கூப்பிட்டேன்னு கேட்டிருந்தீங்க. எண்ணல அத்தை. அதை நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க. அன்னிக்கு எனக்குப் பெரியவங்க யாரும் பக்கத்துல இல்ல, அந்தப் பொண்ணுக்கு அவ அம்மா இருந்தாங்க. நீங்க எழுந்து போய்ப் பக்கத்துல உக்காந்ததாலதான். அதைப் படிச்சப்போ எனக்குள்ள இருந்த ஏதோ ஒண்ணு இறங்கிடுச்சு.

இப்ப வேலை. வார்டுல இரட்டைப் பிள்ளைங்க பிறந்திருக்கு. இருபத்தாறு வாரம். ரெண்டும் நல்லா மூச்சு விடுதுங்களாம், ஒண்ணு கத்தவும் செய்யுதாம். சட்டையும் தொப்பியும் வேணும்னு கேக்குறாங்க. தொப்பி எங்க மூணு பேருக்கும் வராது. மோகனா அக்கா ஒண்ணு தெச்சுப் பாத்தாங்க, டீ வடிகட்டி மாதிரி இருந்துச்சு.

வர்ற சனிக்கிழமை இங்க வாங்க. மாடி ஏறும்போது நிதானமா ஏறுங்க, லிப்ட் பழுது. உங்க மிஷினை சர்வின் தூக்கிட்டு வருவாரு. மத்தியானச் சாப்பாடு நானும் சலேஹா அக்காவும் ஆக்குறோம், மீன் குழம்பும் பயித்தங்காய்ப் பொரியலும். சலேஹா அக்கா உங்ககிட்ட வெந்தயத்தைப் பத்திப் பேசணுமாம், தயாரா வாங்க.

பிள்ளைங்க அளவு இதோட தனிச் சீட்டுல இருக்கு. ஆனா அதை நம்பி நிறைய வெட்டிடாதீங்க. ரெண்டும் வளருதுங்க, வாரா வாரம் அளவு மாறும்னு ஹாஜரா அக்கா சொன்னாங்க. அதனால நீங்க வாரா வாரம் வரணும்.

காமினி